ஜூன் மாதப் பட்டியல்



பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஆராய்ச்சி மாணவன். அவன் மடிக்கணினியில் கோலிக்குண்டுகள் போல ஏதோ துள்ளிக்கொண்டிருந்தன. "என்ன தம்பி, விளையாட்டா?" என்றேன். "இல்ல மாமா, திரவ ஆர்கான். ஒவ்வொரு அணுவும் எப்படி நகரும்னு கணக்குப் போடுறேன்" என்றான். எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவன், விடுவேனா? பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்கான் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைப்பு கொள்ளாதவை. ஆனாலும் சற்றுத் தள்ளி இருந்தால் லேசாக ஈர்க்கும். மிக நெருங்கினால் பலமாகத் தள்ளும். தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பாற்றல் 64-ல் ஒரு பங்காகிவிடும். ஐதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் 864 அணுக்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டு 1964-ல் வெளியிட்டார். 864 அணுக்கள் என்றால் 3,72,816 ஜோடிகள்! நொடியை நூறு லட்சம் கோடி கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் விசையைக் கணக்கிட வேண்டும். அதனால், அணுவின் அகலத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு தூரத்துக்கு அப்பால் விசையே இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். உப்பில் உள்ள அயனிகளுக்கு இது செல்லாது. மின்விசை வெகுதூரம் எட்டும்.

சரி, யார் பக்கத்தில் இருக்கிறார் என்று அறியவே எல்லா ஜோடியையும் அளக்க வேண்டுமே? 1967-ல் பிரான்சின் லூ வெர்லே வழி சொன்னார். எல்லையைவிடச் சற்றுப் பெரிய வட்டம் போட்டு, ஒவ்வோர் அணுவுக்கும் அக்கம்பக்கத்தார் பட்டியல் எழுதிக்கொள்வது. சில படிகளுக்கு அதே பட்டியல் போதும். பிறகு புதிதாக எழுத வேண்டும்.

"மறந்துட்டா?" என்றேன்.

"வெளிய இருந்த அணு உள்ள வந்துடும் மாமா. பட்டியல்ல பேர் இல்லாததால அது வந்ததே கணக்குல ஏறாது. அடுத்த பட்டியல் போடும்போது ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு நிக்கும். பயங்கரமா தள்ளி, மொத்தமும் வெடிச்சிடும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூனில் மெல்லக் கற்போர் பட்டியல் எழுதுவோம். மாலையில் அவர்களுக்குத் தனி வகுப்பு. ஓர் ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. நன்றாகப் படிப்பாள், பட்டியலில் பெயர் இல்லை. ஆகஸ்டில் அவள் அப்பா இறந்துபோனார். பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். வீட்டுப்பாடம் நின்றது, பேச்சு குறைந்தது. நான் கையில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உறைத்தது. விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. தேடிப் போனேன், வீடு பூட்டியிருந்தது. பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டார்கள் என்றார்கள்.

அறுபது பிள்ளைகளையும் எந்நேரமும் கவனிக்க யாராலும் முடியாது. பட்டியல் போட்டது தவறில்லை. ஜூனில் போட்டதை டிசம்பர் வரை திருத்தாமல் வைத்திருந்தேனே, அதுதான் தவறு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். மாதம் ஒருமுறையாவது பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். அந்தப் பிள்ளை இதைப் படிக்க நேர்ந்தால், சார் அவளை மறக்கவில்லை என்று தெரியட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்