சாயாத பயிர்

கர்னாலுக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. நவம்பரில் விதைத்த கோதுமை, ஜனவரிப் பனியில் பசுமையாக நின்றது. தஞ்சை வயல்களுக்கிடையே பிறந்து வளர்ந்த எனக்கு, முதற்பார்வையில் அது நெற்பயிராகவே தோன்றியது. அருகில் சென்றபோதுதான் வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்பதைக் கண்டேன். அன்றிரவு தொலைபேசியில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காற்றடித்தால் அந்தப் பயிர் சாயுமா, அம்மா?"

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால், அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது தெரியும். அவருடைய சிறுவயதில் எங்கள் ஊரில் பயிரிட்ட நெல், ஆளுயரத்திற்கு வளரும். ஓர் ஆண்டு கதிர் முற்றும் தறுவாயில் பெய்த மழையில், தாத்தாவின் வயல் முழுவதும் சாய்ந்துவிட்டது. நீரில் கிடந்த கதிர்கள் அங்கேயே முளைத்தன. கடன் வாங்கி உண்ட அந்த ஆண்டோடு அப்பாவின் படிப்பும் நின்றது. அப்போது அவர் எட்டாம் வகுப்பு மாணவர்.

அப்பாவின் கேள்வியை, நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் கேட்டேன். அவர் எழுபது வயதைக் கடந்த உழவர்.

"முன்பெல்லாம் கோதுமை என் மார்பளவு வளரும், மேடம்ஜி. உரமிட்டால் கதிர் கனக்கும்; கனத்த கதிரைத் தண்டு தாங்காது. மார்ச் மாதக் காற்றில் வயலே படுத்துவிடும். இப்போது பாருங்கள், இடுப்பைத் தாண்டுவதில்லை" என்றார்.

மார்புக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள அந்த உயரத்தைக் குறைப்பதற்கு உலகம் எவ்வளவு உழைத்தது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். ஜப்பானில் கொன்ஜிரோ இனாசுகா என்னும் அறிஞர் உருவாக்கிய 'நோரின் 10' என்ற குட்டைக் கோதுமை, 1935ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் விதைகள் 1946இல் அமெரிக்கா சென்றன. அங்கே ஆர்வில் வோகல் அவற்றை உள்ளூர் வகைகளோடு கலப்புச் செய்தார். அவ்விதைகள் மெக்சிகோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தன. அவர் ஓர் ஆண்டில் இருமுறை, தட்பவெப்பம் வேறுபட்ட இரண்டு இடங்களில் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்தார். ஆகவே அவருடைய வகைகள் பல நிலங்களுக்கும் பொருந்தின.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அந்நாளில் தில்லியில் பணியாற்றி வந்தார். அவரது முயற்சியால் போர்லாக் 1963இல் இந்தியா வந்து கோதுமை விளையும் பகுதிகளைப் பார்வையிட்டார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று. ஆனால், அந்தக் கோதுமையின் மணிகள் சிவப்பு நிறம் கொண்டவை. சப்பாத்திக்கு வெளிர்பொன் நிற மணியையே நம் மக்கள் விரும்பினர். அதனால் நம் அறிஞர்கள் மேலும் தேர்ந்தெடுத்து 'கல்யாண் சோனா', 'சோனாலிகா' முதலிய வகைகளைத் தந்தனர். 1964-65இல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968இல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது. அவ்வாண்டு இந்திய அரசு 'கோதுமைப் புரட்சி' என்னும் அஞ்சல் தலையை வெளியிட்டது.

கர்னாலில் கோதுமையை ஆராயும் நிறுவனம் ஒன்று உள்ளது. பிப்ரவரியில் கோதுமை பூக்கும் காலத்தில் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றோம். கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. எனவே கலப்புச் செய்ய விரும்புவோர், பூ முதிர்வதற்கு முன்பே அதனுள் இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் அகற்றுகின்றனர்; கதிரைக் காகித உறையால் மூடுகின்றனர்; பின்பு வேறொரு வகையின் மகரந்தத்தைத் தூவுகின்றனர். குனிந்த முதுகு நிமிராமல் ஓர் அலுவலர் இதைச் செய்துகாட்டினார். ஒரு புதிய வகை உழவரின் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்றார்.

"நம் தமிழ்நாட்டுக்கும் கோதுமைக்கும் தொடர்பு உண்டா, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். உண்டு. நாம் உண்ணும் சம்பா கோதுமை, மிகப் பழைய கோதுமை இனங்களுள் ஒன்று. அதைவிட வியப்பான தொடர்பும் உண்டு. கோதுமையை அழிக்கும் துரு நோய், சமவெளியின் கோடை வெப்பத்தில் மடிந்துவிடும். பிறகு அது எங்கிருந்து வருகிறது? ஆக்ராவைச் சேர்ந்த கே.சி. மேத்தா பல்லாண்டுகள் ஆராய்ந்து விடை கண்டார். அந்நோய்க் கிருமி குளிர்ந்த மலைகளில் உயிர்பிழைத்துக் காற்றில் ஏறிப் பரவுகிறது. நீலகிரியும் பழனி மலையும் அத்தகைய இடங்கள். அதனால்தான் நீலகிரியின் வெலிங்டனில் நோய் தாங்கும் கோதுமையை ஆராயும் நிலையம் இருக்கிறது.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நமக்கும் ஐ.ஆர். 8 என்று குட்டை நெல் வந்ததே, அதுபோலத்தான்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அது ஐந்தாறு ஆண்டு முன்னதாக வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டு உரிமையாளருக்கோ வேறு கவலை. கோதுமை அறுத்த வயலில் அவர் நெல் நடுகிறார். காவிரி நீரில் விளையும் பயிர், இங்கே நிலத்தடி நீரை உறிஞ்சி விளைகிறது. அவர் தம் ஆழ்துளைக் கிணற்றை மூன்றுமுறை ஆழப்படுத்திவிட்டார். "பயிர் சாயாமல் நிற்கிறது, மேடம்ஜி. தண்ணீர்தான் கீழே போகிறது" என்கிறார்.

மாணவர்களே, பயிர் சாயுமா என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் வயலில் குனிந்து நின்றவர்கள். உழவரின் இந்த இரண்டாவது கேள்வி இன்னும் காத்திருக்கிறது. குறைந்த நீரில் விளையும் பயிரைத் தேடிக் குனியப்போகும் முதுகுகளுள் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். அப்படி இருந்தால், எங்கோ ஒரு வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும்.