கண்காட்சி முடிந்த பிறகு தொடங்கும் வேலை

ஹாங்காங்கின் ஷியுங் வான் பகுதியில் ஹாலிவுட் ரோடு நெடுகப் பழம்பொருள் கடைகள். பீங்கான் ஜாடி, மரப் புத்தர், பழைய நாணயம் எல்லாம் விலைக்குக் கிடைக்கும் அந்தச் சாலையில், 233ஆம் எண் கட்டடத்தின் 11ஆவது மாடியில், விற்பனைக்கே இல்லாத காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ். 2000ஆம் ஆண்டில் கிளேர் ஷூ, ஜான்சன் சாங் உள்ளிட்டோர் தொடங்கியது. ஆசியாவின் சமகாலக் கலையையும் கண்காட்சிகளின் வரலாற்றையும் ஆராய்கிறவர்களுக்கான நூலகம். கட்டணம் கிடையாது, யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம்.

ஓவியம் பார்க்கும் ஆசையோடு அங்கே போகக் கூடாது. அலமாரிகளில் இருப்பவை கேட்டலாக்குகள், இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள். கண்காட்சி சில வாரங்களில் கலைந்துவிடும். படங்கள் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். நிகழ்த்துகலை என்றால் அன்றோடு சரி. மிஞ்சுவது காகிதம்தான்.

1989 பிப்ரவரியில் பெய்ஜிங்கின் தேசியக் கலைக்கூடத்தில் ‘சைனா/அவாங்-கார்ட்’ கண்காட்சி தொடங்கியது. திறப்பு நாளிலேயே ஷியாவ் லூ என்ற கலைஞர் தன் படைப்பைத் தானே துப்பாக்கியால் சுட்டார். காவலர்கள் வந்து கண்காட்சியை நிறுத்திவைத்தார்கள். அங்கே யார் எதை வைத்திருந்தார்கள், எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று இன்று ஒருவர் எழுத வேண்டுமென்றால், கலைஞர்களும் விமர்சகர்களும் வீட்டில் போட்டுவைத்த கடிதங்களும் புகைப்படங்களும்தான் சாட்சி. 1980களின் சீனக் கலை தொடர்பான அத்தகைய தாள்களை இந்தக் காப்பகம் தேடிப் பிடித்து மின்வடிவில் பாதுகாக்கிறது.

நான் போனபோது காப்பகத்தின் பணியறையில் ஒரு பெண் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு கேட்டலாக். அதன் நடுவே நான்காக மடித்த கடிதம். எடுத்துப் படித்தார், குறித்துக்கொண்டார், அதே இடத்தில் வைத்தார். “எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிடலாமே?” என்று கேட்டேன். “பெட்டிக்குச் சொந்தக்காரர் இந்தக் கடிதத்தை இந்தக் கேட்டலாக்குக்குள் வைத்ததற்கு ஏதாவது காரணம் இருக்கும். நான் பிரித்தால் அது போய்விடும்” என்றார்.

அடுத்த தாள்கட்டில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின். நகத்தால் நெம்பினால் தாள் கிழியும். மழுங்கிய தட்டைக் கத்தியைப் பின்புறமாக நுழைத்து, பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முன்புறம் மெல்லத் தூக்கினார். பின் வந்துவிட்டது, பழுப்புக் கறை தங்கிவிட்டது. தாள்கள் அமிலமில்லாத உறைக்குள் போயின. ஹாங்காங்கின் ஈரக்காற்றுதான் இவர்களுக்கு முதல் எதிரி. பழைய அசிடேட் நெகட்டிவ்கள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்த உறையை உடனே தனியே எடுத்து வைப்பார்கள். விட்டால் பக்கத்தில் இருப்பவையும் கெடும்.

ஸ்கேன் செய்வது சுலபமான பகுதி. விவரம் எழுதுவதில்தான் தாவு தீர்ந்துவிடும். படத்தில் நான்கு பேர் நிற்பார்கள். பெயர் இருக்காது, தேதி இருக்காது. பின்சுவரில் பாதி தெரியும் சுவரொட்டியை வைத்து ஆண்டைக் கணிக்க வேண்டும். வயதான ஓவியர் யாரையாவது தொலைபேசியில் பிடிக்க வேண்டும். பெயரைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பதிய வேண்டும். பெயர் ஏறாத படம் கணினியில் இருந்தும் இல்லாததுதான். தேடுகிறவர் கையில் அது அகப்படாது.

ஹாங்காங் சிற்பியும் அச்சுக்கலைஞருமான ஹா பிக்-சூன் (1925–2009) கண்காட்சிகளின் தடயங்களைச் சேர்க்கும் வேலையைத் தனி ஆளாகவே செய்தவர். 1960களிலிருந்து பல பத்தாண்டுகள், ஊரில் நடந்த கண்காட்சிகளுக்குக் கேமராவோடு போய்ப் படமெடுத்தார். அவர் கான்டாக்ட் ஷீட்களைக் குவியலாக விட்டுச்சென்றார். கான்டாக்ட் ஷீட் என்பது பிலிம்சுருள் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பதிந்த ஒரே தாள். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஓவியம், சிற்பம், திறப்புவிழாக் கூட்டம் எனக் கட்டம் கட்டமாக ஓடுகிறது. அவர் மறைந்த பின் இந்தக் காப்பகம் அந்தக் குவியலைப் பிரித்தெடுக்கும் பணியில் இறங்கியது.

இங்கே பெரும்பாலும் அசலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதில்லை. மின்வடிவம் எடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் கரையான் அரித்தால் அசல் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. ஆனாலும் ஒருவரின் நினைவுகளை அவரிடமிருந்து பிடுங்காத இந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

டெல்லியிலும் இவர்களுக்குக் கிளை உண்டு. கலை விமர்சகர் கீதா கபூர், கலைஞர் விவான் சுந்தரம் இருவரின் சேகரிப்பும், பரோடாவின் கலைஞர்கள் குலாம் முகமது ஷேக், ஜோதி பட் போன்றோரின் சேகரிப்புகளும் இப்படித்தான் மின்வடிவமாயின. தெற்காசியக் கலை எழுத்துகளுக்கு இவர்கள் தொகுத்த நூற்பட்டியலில் தமிழும் ஒரு மொழி.

பட்டியல் போட மற்றவர்கள் வரலாம். தாள்களை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். நம் பக்கத்திலும் காக்க வேண்டிய கலை வரலாறு உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கினார். சென்னை ஓவியர்கள் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழை 1961இல் தொடங்கினார்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் நம் சிறுபத்திரிகைகளில் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கண்காட்சி அழைப்பிதழோ குழுப்படமோ இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். படத்தின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல், யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.