நிலமும் பொழுதும்

ஜூன் 8

‘தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற போர் விளையாட்டை அண்ணன் மகன் என் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற கணினி அணியில் இருக்கிறான். 2003இல் டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கிய விளையாட்டு இது. சேகா கருவியில் வந்த பழைய போர் விளையாட்டுகள் மேல் இருந்த பிரியத்தில் அவர் ஆரம்பிக்க, பிறகு பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து படம், இசை, கதை, நிரல் எல்லாம் செய்து வளர்த்தார்கள். காசு கிடையாது. நடுவில் விளம்பரம் வராது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம்.

முறைவைத்து ஆடும் ஆட்டம். என் படையை நகர்த்தி முடித்து முறையை நான் விட்டுக்கொடுக்கும்வரை எதிரி அசைவதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து அடுக்களையை ஒழுங்குபடுத்திவிட்டு வந்து உட்காருகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. பால் பொங்கினால் எழுந்து போகலாம். மந்திரவாதி கோலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்.

பெரிய கதைத்தொடர் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். எல்ஃப் மக்கள் எடுத்து வளர்த்த இளவரசன் கோன்ராட். அவனுக்குக் குரு டெல்ஃபடார் என்ற கிழ மந்திரவாதி. அரியணையில் இருக்கும் அஷவியேர் அரசியின் பக்கம் நிற்கும் ஆர்க் கூட்டம் அவர்கள் வாழும் காட்டைச் சூழ்ந்துகொள்கிறது. முதல் களத்தில் நமக்கு இடப்பட்ட வேலை வெல்வது என்று நினைத்தேன். தப்பித்து வெளியேறுவதுதான் வேலை. ஒரு போர்க்கதை இப்படித் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஜூன் 13

திருவனந்தபுரம் கரமனையில் நாள் முழுக்க மழை. சாயங்காலம் கரண்டும் போய்விட்டது. பேட்டரி தீரும்வரை அண்ணன் மகனும் நானும் ஆடினோம்.

களம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பொழுது: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம், மறுபடி விடியல். மனிதக் காலாட்களுக்குப் பகலில் அடியின் வலு நூற்றுக்கு 25 கூடுகிறது. இரவில் அதே 25 குறைகிறது. ஆர்க்குகளுக்கும் எலும்புக்கூட்டுப் படைக்கும் நேர்மாறு. எல்ஃப்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

பொழுதோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. எல்ஃப் வில்லாளி மரங்களுக்கு நடுவே நின்றால் அவள்மேல் விழ வேண்டிய வெட்டுகளில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். மனிதக் காலாள் ஆழமற்ற நீரில் இறங்கினால் பத்துக்கு எட்டு வெட்டு படும். அதே நீரில் நிற்கும் கடல்மாந்தனுக்குப் பத்துக்கு நான்குதான். குள்ளர்களை மலைமேல் நிறுத்திவிட்டால் அசைக்க முடியாது. ஆளின் பலம் ஆளிடம் மட்டும் இல்லை. எங்கே நிற்கிறான், எப்போது நிற்கிறான் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

இதைப் பார்த்ததும் எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வந்தது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று சொன்ன நூல். சிறுபொழுதை ஆறாகப் பகுத்தது நம் இலக்கண மரபு, இங்கும் ஆறு. ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தார்கள். குறிஞ்சிக்கு உரிய பொழுது யாமம். இருட்டில், மலைச்சரிவில், ஓசையில்லாமல் நடக்கும் வேலை அது. டேவிட் ஒயிட் தொல்காப்பியம் படித்திருக்க வழியில்லை. ஆனால் போரைக் கூர்ந்து யோசிக்கிற எவரும் நிலத்துக்கும் பொழுதுக்கும்தான் வந்து சேர்வார்கள்போல.

அந்தி நெருங்கியது. ஆர்க் தலைவன் இரண்டே கட்டம் தள்ளி, காயத்தோடு நிற்கிறான். எனக்குக் கை துறுதுறுத்தது.

“அத்தை, இப்பம் போகண்டாம். அடுத்தது ராத்திரில்லா. காட்டுக்குள்ள இழுத்துக்கிடுங்க, விடிஞ்ச பொறவு பாக்கலாம்.”

இழுத்துக்கொண்டோம். இரண்டு சாமமும் அவர்கள் வந்து மரங்களின் மேல் மோதிக் கரைந்தார்கள். விடியலில் வெளியே வந்தபோது பாதிப் பேர்தான் மிச்சம். கணினி ஓட்டும் எதிரிக்குப் பொறுமை குறைவு. காத்திருக்கத் தெரிந்தால் அதன் அவசரமே நமக்கு ஆயுதம்.

ஜூன் 21

மந்திரவாதிகளை விலைக்கு எடுக்கும் கட்டம் வந்துவிட்டது. ஒருவருக்கு 20 பொன். மந்திர அடிக்கு ஒரு தனிச்சிறப்பு: எதிரி எந்த நிலத்தில் நின்றாலும் பத்துக்கு ஏழு படும். தொடக்கநிலை மந்திரவாதி ஒரு முறையில் மூன்று அடி அடிப்பார். இன்று மூன்றும் தவறின.

மூன்றும் தவற நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவான வாய்ப்புதான். தவறிய மந்திரவாதி அடுத்த முறையில் மாண்டார். இந்த விளையாட்டை ஆடும் பலரும் சொல்லும் குறை இதுதான்: அதிர்ஷ்டம் அதிகம், கணினி ஏமாற்றுகிறது. தாயக்கட்டத்தில் எதிராளிக்குத் தொடர்ந்து தாயம் விழும்போது பெரியம்மா கட்டையைப் பிடுங்கி உருட்டிப் பார்ப்பாள். வெஸ்நாத்திலும் அதைச் செய்யலாம். நிரல் மொத்தமும் திறந்து கிடக்கிறது. எண்ணை எப்படி உருட்டுகிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ‘மெர்சென் ட்விஸ்டர்’ என்ற பெயர்பெற்ற கணித முறையைத்தான் அது கையாள்கிறது. போதாததற்கு ஆட்டத்துக்குள்ளேயே புள்ளிவிவரப் பலகை உண்டு. எவ்வளவு அடி விழுந்திருக்க வேண்டும், எவ்வளவு விழுந்தது என்று அருகருகே காட்டும். பையன் திறந்து காட்டினான். மொத்தக் கணக்கில் எங்களுக்கு வரவுதான் அதிகம்.

எனக்கு இதில் ஒரு தெளிவு கிடைத்தது. ஒரே அடியை நம்பி ஒரு வீரனைத் திறந்த வெளியில் நிறுத்துவது திட்டமே ஆகாது. அடி தவறினால் அவனுக்குப் பின்னால் யார், பக்கத்தில் எந்த ஊர், எத்தனை கட்டத்தில் எதிரி வந்து தொட முடியும் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஊருக்குள் நின்றால் ஒரு முறைக்கு 8 புள்ளி உயிர் திரும்பும். இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் எதிரி ஒரே மூச்சில் ஊடுருவ முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தையும் காவல் காக்கிறான். நாலு பேரை வைத்து ஒரு நீண்ட அரணே கட்டிவிடலாம். அதிர்ஷ்டத்தைக் குறைசொல்கிறவர்கள் இந்த அழகைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஜூலை 2

படையில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. அதுதான் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. இங்கே 14 பொன்னுக்கு வந்து சேரும் எல்ஃப் வாள்வீரனுக்குக்கூடப் பெயரும் இரண்டு இயல்புகளும் இருக்கின்றன: ஒருவன் வேகமானவன், ஒருத்தி வலியவள், ஒருவன் சீக்கிரம் கற்றுக்கொள்பவன். சண்டையில் ஈடுபட்டால் அனுபவம் கூடும். எதிரியை வீழ்த்தினால் இன்னும் கூடும். போதிய அனுபவம் சேர்ந்ததும் அவன் தலைவனாகவோ பெருவீரனாகவோ உயர்கிறான். ஒரு களத்தில் பிழைத்தவர்களை அடுத்த களத்தில் ஆளுக்கு 20 பொன் கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். மாண்டவர் மாண்டவர்தான்.

அதனால் வெல்வதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: யாரை இழந்து வெல்கிறாய்? முன்னணியில் எப்போதும் வலியவனையே நிறுத்தினால் இந்தக் களம் எளிதாக முடியும், இளையவர்கள் வளரமாட்டார்கள். வீழப்போகும் எதிரிக்குக் கடைசி அடியைக் கற்றுக்குட்டிக்கு விட்டுக்கொடுத்தால் ஆறேழு களம் தள்ளி நல்ல துணை கிடைக்கும். குணமாக்கும் வெள்ளை மந்திரவாதி ஒருவர் எங்கள் படையில் அப்படி உருவானார். அவரை வளர்த்தெடுக்கப் பலர் விலகி நின்றிருக்கிறார்கள்.

ஆள் மாண்டதும் பழைய பதிவைத் திறந்து மறுபடி ஆடுவது பலருக்குப் பழக்கம். பையனும் கேட்டான். நான் மறுத்துவிட்டேன். இறந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்றால் நிலத்துக்கும் பொழுதுக்கும் ஒரு மதிப்பும் மிஞ்சாது.

ஜூலை 20

2001இல் இதே தேதியில் இதே திருவனந்தபுரத்தில்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். மென்பொருளைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை வேண்டும் என்ற அவருடைய கருத்து இந்த ஊரில் வேர்பிடித்தது. கேரள அரசுப் பள்ளிகள் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறின. பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட ‘கைட்’ நிறுவனம் இன்றும் பள்ளிகளுக்கென்று லினக்ஸ் இயங்குதளம் தயாரித்துக் கொடுக்கிறது. வெஸ்நாத் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்தை எழுதியவரும் ஸ்டால்மன்தான்.

அண்ணன் மகன் விளையாட்டை ஆடத் தொடங்கிய சில நாளிலேயே அதன் கோப்புகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பழகிய காரியம். ஒரு வீரனின் விலை, உயிர், அடி எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. களம் வரைய விளையாட்டுக்குள்ளேயே கருவி இருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு இந்த ஊர் கொடுத்த பெரிய சொத்து இது என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

ஆகஸ்ட் 3

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒரு களமாக வரைகிறோம்.

யோசனை என்னுடையது. எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தது. திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அந்தக் கணவாயைப் பார்க்கிறோம். இன்று காற்றாலைகள் சுழலும் அந்த இடைவெளிதான் அன்று திருவிதாங்கூருக்குக் கிழக்கு வாசல். மலைக்கு மலை மதில் எழுப்பிக் காத்தார்கள். 1809 ஜனவரியில் திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பி குண்டறையில் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராகப் பிரகடனம் செய்தார். பிப்ரவரியில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக்கு வந்து நின்றது. மதிலை நேருக்கு நேர் முட்டுவது கடினம். மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவில் தெற்குப் பக்கத்து மலையில் ஏறி, மேலிருந்த காவல் அரணைப் பிடித்தது. மலை போனதும் மதிலும் நிற்கவில்லை. தொடர்ந்து நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் விழுந்தன. வேலுத்தம்பி இன்று தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலையாக நிற்கிறார். அவரைத் தோற்கடித்தது ஒரு மலைச்சரிவும் ஓர் இரவும்.

பையன் மலைக் கட்டங்களை அடுக்கினான். மனிதக் காலாளுக்கு ஒரு மலைக் கட்டம் ஏற மூன்று நகர்வுப் புள்ளி வேண்டும். அதனால் ஏறுகிறவர்களுக்குச் சில முறைகள் ஆகும். அந்தியில் கிளம்பினால்தான் விடியலுக்குள் மேலே போய்ச் சேர முடியும். கணக்கு தானாகவே வரலாற்றோடு பொருந்தியது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 9

சிக்கல் இரவில் வந்தது. வெஸ்நாத்தின் விதிப்படி மனிதப் படைக்கு இரவு பாதகம். 1809இல் ஏறியவர்களுக்கு இரவுதான் துணை. விளையாட்டு பொழுதை ஆளின் இயல்போடு கட்டிவைத்திருக்கிறது: நல்லவர்க்கு ஒளி, மற்றவர்க்கு இருள் என்பதுபோல. மாயக்கதைக்கு அது சரி. மண்ணில் நடந்த போரில் இருட்டு எவர் பக்கமும் பிறந்ததில்லை. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவன் பக்கம் போயிற்று. நான் மிகவும் நேசிக்கும் விளையாட்டில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை இது.

ஏறுகிறவர்களுக்கு இரவுத் தண்டனையை நீக்கிவிடலாமா என்றேன். அவன் ஒப்பவில்லை.

“அடி குறைஞ்சா குறைஞ்சிட்டு போட்டும் அத்தை. அவங்க அங்க சண்டை போட்டா ஏறுனாங்க? யாரும் பாக்காமத்தான ஏறுனாங்க?”

விளையாட்டிலேயே அதற்கு ஒரு திறன் இருக்கிறதாம், ‘நைட்ஸ்டாக்’ என்று. இறந்தோர் படையின் நிழலுருவங்களுக்கு உரியது. இரவில் அவை எதிரி கண்ணுக்குத் தெரியா; எதிரியாள் ஒட்டி நின்றாலோ, அப்போதுதான் தாக்கியிருந்தாலோதான் தெரியும். அந்த வரியை எடுத்து ஏறும் பிரிவின் கோப்பில் ஒட்டினான். வலு குறைந்ததாகவே இருக்கட்டும், மறைவு மட்டும் கிடைக்கட்டும் என்பது அவன் முடிவு. என் யோசனையைவிட அது சரியானது.

பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். வேலுத்தம்பியின் பக்கம் ஆடுகிறவருக்கும் வெல்ல வழி இருக்க வேண்டும். தெற்கு மலையில் முதல் சாமத்திலேயே ஒரு காவலனை நிறுத்தினால், ஒட்டி வரும் ஆள் அவன் கண்ணுக்குப் பட்டுவிடுவான். ஆனால் அங்கே ஒருவனை அனுப்பினால் மதிலில் ஒருவன் குறைவான். எத்தனை பேர் மதிலுக்கு, எத்தனை பேர் மலைக்கு என்பதை ஆடுகிறவரே முடிவு செய்யட்டும் என்று திருவிதாங்கூர் பக்கத்துக்கு 100 பொன் வைத்தோம். போதுமா என்று நாளைக்கு அவன் கும்பினியாகவும் நான் தளவாயாகவும் ஆடிப் பார்க்கப்போகிறோம்.