நாம் வரைந்த விண்ணூர்தி

1981 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாக விண்ணேகியது. இரண்டு நாள் கழித்து விமானம்போல் தரையிறங்கியது. நாளிதழில் அப்படத்தைக் கண்ட நாம், பள்ளி விடுமுறையில் ஒரு குறிப்பேட்டில் நமக்கென ஓர் ஊர்தியை வரையத் தொடங்கினோம். விண்ணோடம் தன் பெரிய எரிபொருள் கலத்தை ஒவ்வொரு முறையும் இழந்துவிடும். நம் ஊர்தியோ எதையும் இழக்காது, ஓடுதளத்திலிருந்து எழும், புவியைச் சுற்றும், முழு உடலோடு திரும்பும். உறங்கும் அறை, உணவறை, நூலகம் அனைத்தும் அதில் உண்டு. எரிபொருளுக்கு வாலருகே சிறிது இடம் ஒதுக்கியிருந்தோம்!

பள்ளி திறந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினோம். அவர் நகைக்கவில்லை, கரும்பலகையில் ஒரு கணக்கிட்டார். புவியைச் சுற்ற நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றின் தடையையும் புவியீர்ப்பையும் வெல்லும் செலவைச் சேர்த்தால் 9.4 ஆகும். சிறந்த எரிபொருளின் புகையே நொடிக்கு 4.4 கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். ஆகவே நூறு டன் ஊர்தியில் 88 டன், எரிபொருளும் அதை எரிக்கும் உயிர்வளியுமே. எஞ்சிய 12 டன்னுக்குள் உடல், சிறகு, சக்கரம், வெப்பக் காப்பு, மனிதர் எல்லாம் அடங்க வேண்டும்.

"நூலகத்தை எடுத்துவிடு. ஊர்தியை இரண்டடுக்காகப் பிரித்து வரைந்து அடுத்த வாரம் கொண்டு வா" என்றார்.

நாம் போகவில்லை. வெட்கம் தடுத்தது. அவ்வாண்டு முழுதும் கடைசி இருக்கையில் தலைகுனிந்திருந்தோம். பின்னர்த் தமிழ் பயின்றோம். தமிழைத் தேர்ந்ததில் வருத்தமில்லை. அந்தக் குறிப்பேட்டோடு திரும்பிச் செல்லாததே வருத்தம்.

பல்லாண்டுகளுக்குப் பின் அக்கணக்கின் மூலத்தைப் படித்தறிந்தோம். சிறுவயதுக் காய்ச்சலில் செவித்திறனைப் பெரிதும் இழந்து, ரஷ்யாவின் கலூகாவில் பள்ளி ஆசிரியராயிருந்த சியால்கோவ்ஸ்கி, 1903இல் அச்சமன்பாட்டை வெளியிட்டார். அவர் ஏவுகணை எதையும் கட்டியதில்லை. எனினும் தம் சமன்பாடு காட்டிய தடையைக் கண்டு அவர் ஓயவில்லை. 1929இல் பல ஏவுகணைகளைத் தொடராகப் பிணைக்கும் வழியை எழுதினார். நம் ஆசிரியர் சொன்ன இரண்டடுக்கும் அவ்வழியே.

அடுக்குகளை மீட்கும் முயற்சியும் கைகூடியது. 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 ஏவுகணையின் முதல் அடுக்கு நிமிர்ந்தவாறே தரையிறங்கியது. 2023 ஏப்ரல் 2 அன்று, ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்ட இந்தியாவின் சிறகுடைய சோதனை ஊர்தி, சித்திரதுர்கா ஓடுதளத்தில் தானே இறங்கியது. ஆனால் நாம் படத்தில் கண்டு வியந்த கொலம்பியா, சிறகின் வெப்பக் காப்பு சேதமுற்றதால், 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். போவதினும் திரும்புதல் அரிது.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தாம் எழுதிய வெண்பாக்களை நம்மிடம் காட்டினார். பல இடங்களில் தளை தட்டியது. சிவப்பு மையால் குறித்துக் கொடுத்து, திருத்தி வருமாறு பணித்தோம். இரண்டு வாரமாகியும் அவர் வரவில்லை. அந்த வெட்கம் நமக்குத் தெரிந்ததே. வகுப்பறைக்கே தேடிச் சென்றோம்; கடைசி இருக்கையில் இருந்தார்.

மறுநாள் திருத்திய ஏட்டைக் கொணர்ந்தார். இன்னும் ஓரிடத்தில் தளை தட்டுகிறது. மீண்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.