ஹார்டு டிஸ்க்கில் ஒரு விதைநெல் கணக்கு



நம் பள்ளி ஆண்டு விழா, சுற்றுலாப் படங்களையெல்லாம் நீங்கள் அனுப்ப அனுப்ப, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றில் சேர்த்து வருகிறேன். போன வாரம் 'இடம் இல்லை' என்று சொல்லிவிட்டது. "பழைய வீடியோவை அழிச்சிருங்க சார்" என்றான் ஒரு பையன். அதில் இருக்கும் முகங்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. எதை அழிக்க?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த அளவில் நிரம்பியதைக் கழித்தால் சுமார் 50 ஜிபி மிஞ்ச வேண்டும். லினக்ஸ் காட்டிய கையிருப்போ பூஜ்யம்! கணக்கு வாத்தியாருக்கு இது பொறுக்குமா?

விஷயம் இதுதான். லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 முறையில் டிஸ்க்கைத் தயார் செய்யும்போது, 100க்கு 5 பங்கை நிர்வாகிக்கு (ரூட்) என்று தனியே ஒதுக்கிவிடும். நம் ஊரில் கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்கள் அறுப்பு முடிந்ததும் அடுத்த பூவுக்கு விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பார்களே, அது மாதிரி. கம்ப்யூட்டர் ஓடுகிற டிஸ்க் முழுதும் நிரம்பிவிட்டால், நிர்வாகி உள்ளே போய்ச் சுத்தம் செய்யவாவது கொஞ்சம் இடம் வேண்டும். ஈஎக்ஸ்டி2 வந்த 1993 வாக்கில் 200 எம்பி டிஸ்க்குக்கு இது 10 எம்பிதான். 1 டெராபைட்டுக்கோ 50 ஜிபி. அதுவும் படம் மட்டும் வைக்கும் டிஸ்க்கில்! வயலே இல்லாத வீட்டில் இத்தனை விதைநெல் எதற்கு?

இதை மாற்ற 'டியூன்2எஃப்எஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபார்மேட் செய்ய வேண்டாம், உள்ளிருக்கும் கோப்புகளைத் தொடாது. 'எல்' என்ற சிறிய எழுத்தைச் சேர்த்தால் இப்போதைய அமைப்பை மட்டும் காட்டும். 'எம்' சேர்த்து 1 என்று கொடுத்தால் ஒதுக்கீடு 1 சதவீதம் ஆகும். கண்ணிமைக்கும் நேரத்தில் சுமார் 40 ஜிபி கிடைத்தது. ஒரு படமும் அழியவில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கட்டளை கொடுக்குமுன் அது எந்த டிஸ்க் என்று பெயரை இருமுறை சரிபாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும் டிஸ்க்கில் இந்த ஒதுக்கீட்டைக் குறைக்காதீர்கள். அங்கே விதைநெல் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இதே கட்டளையால் டிஸ்க்குக்குப் பெயரும் வைக்கலாம். 'பொதிகை' என்று வைக்க ஆசை. பெயருக்கு 16 பைட்டுதான் இடம். தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே 3 பைட்டு. 'பொதிகை'க்கு 18 ஆகிவிடுகிறது! 'படம்' என்றால் 12. அதையே வைத்துவிட்டேன்.

இடம் கிடைத்ததால் மட்டும் படங்கள் பத்திரம் என்று ஆகாது. டிஸ்க் என்றைக்கும் பழுதாகலாம். வெளியூரில் இருக்கும் உங்களில் ஒருவர் இன்னொரு பிரதி வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. யார் முன்வருகிறீர்கள்?

பெட்டிக்குள் கிடக்கும் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். யார் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டு என்பதை மறக்காமல் எழுதுங்கள். பெயர் இல்லாத படத்தை அடுத்த தலைமுறை தானே அழித்துவிடும்.