வாசலுக்குத் தாழ்ப்பாள்... கணினிக்கு?

திருவரங்குளத்தில் ராத்திரி வாசற்கதவைத் தாழிடாமல் யாரும் படுப்பதில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கணினி பல நேரம் திறந்த வீடாகத்தான் கிடக்கிறது. அப்படிக் கிடந்த ஒரு மடிக்கணினியின் கதை இது.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. அக்கா கல்யாணமாகிப் போனதும் தம்பி கைக்கு வந்தது. தம்பிக்கு அதில் பாட்டு, படம், விளையாட்டு. அம்மாவுக்கோ மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு! பன்னிரண்டு பேரின் சேமிப்பும் தவணை பாக்கியும் ஒரே எக்செல் கோப்பில், ஒரே பென் டிரைவில் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

2022-ல் ஒருநாள் அப்பா பட்டா நகல் எடுக்க அந்தப் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போனார். திரும்பி வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கின்றன. மறுநாள் குழுக் கூட்டம்!

"ஃபார்மட் பண்ணிடுங்க" என்றார் கடைக்காரர். தம்பி அதற்குத் தயாரானபோது போனில் தடுத்தது கல்லூரி சீனியர் அண்ணன்தான். "டேய், நிறுத்து! கோப்பு எங்கயும் போகல. வைரஸ் அதை ஒளிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்." முதலில் ஸ்கேன் செய்து வைரஸை நீக்கினார்கள். பிறகு அட்ரிப் கட்டளை கொடுத்ததும் மறைந்திருந்த கணக்கு வெளியே வந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விண்டோஸ் 10-லேயே டிஃபெண்டர் இருக்கிறதே, அது ஏன் பிடிக்கவில்லை? ஒரு திருட்டு கேமைப் போடுவதற்காகத் தம்பியே அதை அணைத்து வைத்திருந்தான். அம்மாவிடம் இதை அவன் இன்னும் சொல்லவில்லை!

ஃபயர்வால் வேறு, ஆன்டிவைரஸ் வேறு

ஃபயர்வால் வாசல் காவலாளி. இணையத்திலிருந்து அழைக்காமல் வந்து கதவைத் தட்டுபவர்களைத் தடுக்கும். 2003-ல் பிளாஸ்டர் புழு அப்படித்தான் உலகமெங்கும் நுழைந்தது. அதன்பின் 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி செய்தார்கள். ஆனால் நாமே சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவரும் பென் டிரைவை வாசல் காவலாளி என்ன செய்வார்? அதைச் சோதிப்பது ஆன்டிவைரஸின் வேலை. ஆக, இரண்டும் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

காசு கொடுத்து வாங்க நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. கே7 கம்ப்யூட்டிங் 1991-ல் சென்னையில் கேசவர்தனன் தொடங்கியது. குவிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது. இலவசம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் 1.65 கோடி டாலர் விதித்தது. காவலுக்கு வந்தவரே வீட்டுக் கதையை வெளியே விற்ற மாதிரி!

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தவறு. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியைத்தான் படுக்க வைக்கும். அந்த வீட்டில் டிஃபெண்டரையும் விண்டோஸ் ஃபயர்வாலையும் மறுபடி இயக்கினார்கள். செலவு பூஜ்யம். கணக்குக்கு மட்டும் இன்னொரு பென் டிரைவில் பிரதி. அது பீரோவை விட்டு வெளியே போகாது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை பரவியபோது அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ல் முடிந்தது. அந்தப் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காது. எனவே லினக்ஸ் போட்டு, கணக்கை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றலாம் என்கிறான் தம்பி. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"கணக்கு காணாமப் போகாதுல்ல?"

எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் நண்பர்களே!