மூன்று குப்பிகள்

2016ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த வாரம். காலைத் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். கைப்பையிலிருந்து மூன்று மருந்துக் குப்பிகளை எடுத்து மேசைமீது வரிசையாக வைத்தார். "சாமி, மெல்போர்னில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு இவை போய்ச் சேர வேண்டும். அடுத்த வாரம் அங்கே பயணப்படும் சாமியாரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்.

அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய். எண்பதுகளில் இங்கே நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தின் வழி வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினராம். அந்தக் கிருமியே 1989இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குமுன் இரத்தத்தை எவ்வாறு சோதித்திருக்க முடியும்? யாரையும் குறை கூற வழியில்லை.

நோயைத் தீர்க்கும் சோஃபோஸ்புவிர் என்னும் மருந்து 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்திற்கு 84,000 டாலர். அதே மருந்தைச் செய்து 91 வளரும் நாடுகளில் விற்க, 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றன. 2015 மார்ச்சில் இங்கு வந்த 28 மாத்திரைக் குப்பி ஒன்றின் விலை ரூ.19,900. ஆசிரியை வாங்கியிருந்தது இன்னொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. விலை சற்றுக் கூடுதல். அண்ணன் பணம் அனுப்பும்வரை பொறுக்காமல், கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிவிட்டார்.

ஆஸ்திரேலியா அந்த 91 நாடுகளில் இல்லை. ஆயினும் நோயாளி ஒருவர் மருத்துவர் சீட்டுடன் தம் சொந்த உபயோகத்திற்கு மூன்று மாத மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. மருந்து அவர் பெயருக்கே செல்ல வேண்டும். பிறர் பெட்டியில் ஒளிந்து செல்லலாகாது. ஆகவே அருட்தந்தையின் பயணப்பெட்டியை விட்டுவிட்டு, முறைப்படி அஞ்சலில் அனுப்ப முடிவு செய்தோம். சட்டத்தை மதித்துவிட்டோம் என்ற நிறைவில் நமக்கு நாமே பாராட்டும் வழங்கிக்கொண்டோம்.

பொதி கட்ட உதவுவதற்காக நம் பங்கில் நீண்ட நாள் மருந்துக்கடை நடத்திய பெரியவரை அழைத்தோம். அவர் முதலில் குப்பியின் முத்திரையையும் தொகுதி எண்ணையும் வாங்கிய ரசீதோடு ஒப்பிட்டார். 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் மலிவு கருதி வெளிநாட்டு முகவர்களிடம் வாங்கிய அவாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் கதையை அப்போது சொன்னார். அந்தப் போலிக் குப்பிகளில் மருந்து ஒரு துளியும் இல்லை. இங்கே அந்தக் குறை இல்லை. மருந்து உண்மையானது, கடை உண்மையானது, ரசீதும் உண்டு.

பிறகு அவர் கேட்டார்: "சாமி, அவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

நமக்குத் தெரியவில்லை. தங்கைக்கும் தெரியவில்லை. சீட்டு எழுதிய மருத்துவரோ அண்ணனை நேரில் பார்த்ததே இல்லை. ஆய்வறிக்கைகளை மட்டும் பார்த்துத் தொலைவிலிருந்து எழுதித் தந்தவர். அன்றிரவு தொலைபேசியில் பேசினோம். அண்ணன் தம் மாத்திரைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதாக அமியோடரோன் என்றார். இதயத்துடிப்பைச் சீராக்குவதற்கான மருந்து. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

இவ்விரண்டும் சேரும்போது இதயத்துடிப்பு அபாயமான அளவுக்குத் தாழக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2015 மார்ச்சிலேயே எச்சரித்திருந்தது. ஒருவர் இறந்தும் இருந்தார். சிலருக்குத் துடிப்புக் கருவி பொருத்த நேர்ந்தது. அமியோடரோனை உடனே நிறுத்தினாலும் பயனில்லை. அது உடலில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தங்கும்.

முன்மதி என்பது தலையாய நற்பண்புகளுள் முதலாவது என்று குருமடத்தில் படித்தோம். தேர்வில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். விலையைக் கேட்டோம், சட்டத்தைக் கேட்டோம், அஞ்சல் கட்டணத்தையும் கேட்டோம். விழுங்கப்போகிறவரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

இதனால் வெளிநாட்டு மருந்தே ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. இவ்வாறு இறக்குமதி செய்து உண்டோரின் விவரங்கள் 2016 ஏப்ரலில் பார்சலோனா மருத்துவ மாநாட்டில் வைக்கப்பட்டன; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் நீங்கியிருந்தது. அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். இக்காலத்தில் நம்மிடம் வரும் வேண்டுகோள்கள் எதிர்த்திசையில் அமைகின்றன: அரிய நோயுற்ற குழந்தைக்கு அயல்நாட்டு மருந்து வேண்டும் என்று பெற்றோர் வருகின்றனர். படிவம் 12ஏ நிரப்பி அரசின் அனுமதி பெற வேண்டும். அரிய நோய்க் கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்கு 2023 ஏப்ரல் முதல் சுங்க வரி விலக்கு உண்டு. சில மருந்துகளை வழி நெடுகிலும் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே கொண்டுவர வேண்டும். விமான நிலையத்தில் ஒரு நாள் வெயிலில் கிடந்தால், வீடு விற்ற பணமும் அதோடு போயிற்று.

மெல்போர்ன் அண்ணனின் இதய மருத்துவர் மருந்தை மாற்றி, சில மாதம் பொறுக்கச் சொன்னார். இதனிடையே 2016 மார்ச் முதல் நாளன்று ஆஸ்திரேலிய அரசு இம்மருந்துகளை மானியப் பட்டியலில் சேர்த்தது. சிறு தொகை மட்டும் செலுத்தி, தம் தெருமுனை மருந்துக்கடையிலேயே வாங்கி உண்டு அவர் நலம் பெற்றார். தங்கையின் சங்கிலியை மீட்கப் பணமும் அனுப்பினார்.

மூன்று குப்பிகளும் நம்மிடமே நின்றன. ஆசிரியையின் சம்மதத்தோடு, ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கும் கல்லீரல் மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் முத்திரையைப் பார்த்தார், ரசீதைக் கேட்டார், பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தீர்கள் சாமி? வெயில் படும் இடமா?" என்றார்.

திருவுடைகள் வைக்கும் அலமாரியில் என்றோம். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையின் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று அடுத்ததாகக் கேட்டார்.